நரித்தலை ஜாடி

மார்ச் 4

மண்டை மன்னர், எலும்பு வேந்தர், என் ஒரே பெரியப்பாவின் ஒரே மகன் ஆகிய அண்ணனுக்கு,

குண்டூசி எழுதுவது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கப் பார்த்தேன். நீ நலமில்லை என்பது எனக்குத் தெரியும், எனக்கு ஆவல் என்பது உனக்குத் தெரியும். அந்த வரி மிச்சம்.

காகிதத்தில் எழுதக் காரணம், உன் போன் பெரியம்மாவின் கைப்பையில் சிறையிருக்கிறது. நான் கூப்பிட்டால் எடுத்து, மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்துவிடுகிறார். போன் கையில் இருந்தாலும் நீ திரையைப் பார்க்கக் கூடாதாம். கடிதம் என்றால் நேராக வார்டுக்கு வந்துவிடும்.

வீட்டு நிலவரம். பன்னிரண்டு நாளாக நம் வீடு ஒரு வீடு இல்லை, இரண்டு அரை வீடு. உங்கள் பக்கத்துக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவிலுள்ள வழியில் பெரியம்மா துணி அலமாரியை இழுத்துப் போட்டுவிட்டார். அலமாரியின் முதுகைப் பார்த்தபடி நாங்கள் சாப்பிடுகிறோம். நாங்கள் என்றால் நான். அப்பா லாரியோடு போனவர் இன்னும் வரவில்லை. அம்மா சாப்பிடுவதில்லை.

அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நரித்தலை ஊறிய பிளாஸ்டிக் ஜாடியை இறுக மூடி வைத்தது உன் சித்திதான், அதாவது என் அம்மாதான், என்று பெரியப்பா சொல்கிறார், பெரியம்மா சொல்கிறார், கேட்க வந்த தபால்காரர்கூட அப்படியா என்கிறார். அம்மாவும் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? பெயிண்ட் கம்பெனியில் பதினாறு வருஷமாக டப்பாவுக்கு மூடி போடுகிற வேலை. வீட்டில் திறந்து கிடந்த எதையும் அவள் விட்டுவைத்ததில்லை, என் வாயைத் தவிர. ஜாடி வெடித்த அன்று ஓடிவந்தவள் முதலில் சொன்னதே, “நான்தான் மூடியிருப்பேன்” என்பதுதான். அன்றிலிருந்து அரை ரொட்டி, ஒரு வாய்த் தண்ணீர்.

உன் கண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை வைத்து எனக்குப் பதினோரு சிலேடை தெரியும். பதினொன்றையும் பூட்டி வைத்திருக்கிறேன்.

கடைசியாக, பன்றி. நீ விட்ட வாளியிலேயே ஊறுகிறது. நாற்றம் தாங்காமல் பூனை முகவரி மாற்றிக்கொண்டது. கல்லூரிக்கு ஏப்ரல் கடைசியில் ஆறு மண்டையோடு தர வேண்டும் என்று பின்னறைச் சுவரில் எழுதியிருக்கிறாய். ஆடு, பூனை, முயல், நாய் தயார். நரி பற்றிப் பேச வேண்டாம். பன்றியை நான் முடிக்கட்டுமா? உன் தலைமை, பன்றியின் தலை, என் தலையெழுத்து.

தலை குனிந்து (முதல் முறை),
குண்டூசி


மார்ச் 9

குண்டூசி,

ஒரு நாளைக்கு ஏழெட்டு வரிதான் எழுதலாம் என்கிறார் டாக்டர். இது மூன்று நாள் கடிதம்.

இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, பாலுக்குள் முங்கிக்கொண்டு பார்ப்பது போல. நர்ஸ் கையை நீட்டி எத்தனை விரல் என்று கேட்கிறார். கை எங்கே என்று நான் கேட்கிறேன். மூடி மோதிய கன்ன எலும்பு கூடி வருகிறது.

பன்றி. தண்ணீரை முழுசாகக் கொட்டாதே. பாதியை மாற்று, பாதியை விடு. சதையைத் தின்கிற கிருமி அந்தப் பழைய தண்ணீரில்தான் இருக்கிறது. அவசரப்பட்டுக் கொதிக்க வைக்காதே, கொழுப்பு எலும்புக்குள் இறங்கினால் ஆயுசுக்கும் மஞ்சள். துணிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதே, எலும்பு சுண்ணாம்பாக உதிரும். தண்ணீரைச் சல்லடையில் கொட்டு, பல் கழன்று விழும். கையுறை போடு.

வெளுக்கும் மருந்தை நீ தொடவே கூடாது. அந்த பெராக்சைடு எலும்பைத் தொட்டதிலிருந்து காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். அது வெளியே போக வழி வேண்டும். அதனால்தான் மூடியைத் திருகாமல் மேலே சும்மா வைப்பது. மூடியிலேயே ‘திருகாதே’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். சித்திக்குப் படிக்கத் தெரியாதா? எத்தனை முறை சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அவருக்கு அது ஒரு பழக்கம். எனக்கு ஒரு கண். இதை அவரிடம் சொல்.

நீ அன்று என்னைக் கூப்பிட்டது நினைவிருக்கிறது. ஜாடி உப்பியிருந்ததைப் பார்த்துப் பயந்துதான் கூப்பிட்டிருப்பாய். உன்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

சித்தி பார்க்க வருவதாகக் கேள்விப்பட்டேன். வர வேண்டாம்.

அண்ணன்


மார்ச் 17

அண்ணனுக்கு,

பன்றி நலம். என்னைவிட நல்ல பல்வரிசை. சல்லடையில் முப்பத்தொன்பது பல் சிக்கியது, ஐந்து தாடையைவிட்டு வரமாட்டேன் என்கிறது. கூட்டிப் பார், நாற்பத்து நான்கு, ஒன்றும் களவு போகவில்லை. முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்து எண் போட்டிருக்கிறேன். மூக்குக்குள் எலும்பு காகிதச் சுருள் மாதிரி மடிந்து கிடக்கிறதே, அதிலிருந்த சதையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தேன். பழைய பிரஷ். பழையது என்றுதான் நினைக்கிறேன்.

பள்ளியில் என் இருபக்கமும் காலி இருக்கை. ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலைத் திறக்கச் சொல்லி ஆசிரியை மூக்கால் பேசினார்.

நீ சொல்லச் சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல இடமில்லை அண்ணா. போன வாரம் வேலையில் டப்பாக்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தனவாம், அம்மா கையைத் தூக்காமல் நின்றிருக்கிறாள். நாற்பதோ ஐம்பதோ வாய் திறந்தபடி போய், கடைசியில் ஒன்று கவிழ்ந்து தரையெல்லாம் நீலம். மேற்பார்வையாளர் நல்லவர், உடம்பு சரியானதும் வாங்க என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் நீலச் செருப்போடு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள்தான். தண்ணீர்ப் பாட்டிலைத் திருகச் சொன்னால் என்னிடம் நீட்டுகிறாள்.

சும்மா ஒன்று கேட்கிறேன். மூடியது அம்மாதான் என்று யாராவது பார்த்தார்களா? எலி மூடியிருக்கலாம். நரி உள்ளேயிருந்து மூடியிருக்கலாம், குளிர் அதற்கு ஆகாது. சும்மாதான் கேட்கிறேன்.

என்மேல் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த தடவையை எண்ணினால் பன்றியின் பல் எண்ணிக்கையைத் தாண்டும்.

குண்டூசி


மார்ச் 24

குண்டூசி,

அறுவை சிகிச்சை செய்தார்கள். பலிக்கவில்லை. வேறொருவர் கண்ணின் கருவிழிப் படலத்தை வைத்துத் தைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். வரிசையில் நிற்க வேண்டும். அதுவரை பால்தான்.

நேற்று ஜக்கிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். டம்ளருக்கு ஒரு விரல் தள்ளி, மெத்தையில் ஊற்றினேன். ஒரு கண்ணுக்கு எது முன்னால் எது பின்னால் என்று தெரியாதாம், பழக வேண்டுமாம். முயல் மண்டையில் ஊசிமுனை அளவு பல்லைப் பசை வைத்துப் பொருத்துகிற வேலை என்னுடையது. பழகிக்கொள்ளச் சொல்கிறவர் வந்து பொருத்திக் காட்டட்டும்.

பன்றிக்குக் கொழுப்பு அதிகம். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு. மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்று. தண்ணீரில் எண்ணெய் மிதக்காத நாள் வரை. வெளுக்காமலே கல்லூரியில் கொடுத்துவிடு, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். நரிக்கு ஒரு மன்னிப்புச் சீட்டு எழுதிக்கொடு.

அப்பா அம்மா முடிவு எடுத்துவிட்டார்கள். மே மாதத்துக்குள் நீங்கள் வேறு வீடு பார்க்க வேண்டும். நான் தடுக்கவில்லை. சித்தி இருக்கும் வீட்டுக்கு நான் திரும்பப் போவதில்லை. இதை அவருக்கும் தனியாக நாலு வரி எழுதி அனுப்பிவிட்டேன். நீ சொல்ல மாட்டாய் என்று தெரிந்துதான்.

எலி, நரி என்று இனி எழுதாதே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

ஜாடியை மூடியது நான்.

இந்த ஒரு வரியை எழுதி ஆறு காகிதம் கிழித்தேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன், நிறுத்தினால் மறுபடி கிழிப்பேன்.

காற்று வரும் என்று நீதானே சொல்வாய். மூடினால் டப்பென்று திறக்கும், நுரை பொங்கும், நீ துள்ளிக் குதிப்பாய். அவ்வளவுதான் நான் நினைத்தது. பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மூடிக்கு உள்ளே வைத்தேன், காற்று கசியாமல் இருக்க. ‘திருகாதே’ என்று நீ ஒட்டியதைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இறுகத் திருகினேன். சீக்கிரம் பொங்கட்டும் என்று ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். மூடி அப்போது சும்மாதான் கிடந்தது, அம்மா தொட்டிருக்கவில்லை.

மத்தியானம் போய்ப் பார்த்தால் ஜாடி தவளை மாதிரி உப்பியிருந்தது. பயப்படவில்லை. சந்தோஷப்பட்டேன். அதனால்தான் கூப்பிட்டேன். “அண்ணா, நரி முழிச்சிருச்சு, சீக்கிரம் வந்து பாரு.” நீ கை கழுவிக்கொண்டே வந்தாய், வேலைக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியைப் போடாமல். எப்போதும் போடுவாய். நான் சீக்கிரம் என்று சொன்னதால் போடவில்லை.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெடித்த சத்தத்துக்கு அடுத்த சத்தம் என் சிரிப்பு. நீ முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததும் நடிக்கிறாய் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

அப்புறம் அம்மா வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். நான் பொய் சொல்லவே இல்லை அண்ணா. பொய் சொல்ல வேண்டிய வேலையே வரவில்லை. சும்மா இருந்தேன்.

நீ என்ன வேண்டுமானாலும் எழுது.


ஏப்ரல் 8

சிரிப்பு கேட்டது. தெருவில் யாரோ என்று நினைத்தேன்.

ஒன்றரை மாதமாக, இந்த வார்டில் படுத்துக்கொண்டு, ஒருத்தியாவது எச்சரித்துக் குரல் கொடுத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் மன்னிப்பு கேட்டு எழுதாதே, வந்தால் பிரிக்க மாட்டேன். சித்தியிடம் சொல். இன்றே. உனக்குப் பதிலாக நான் சொல்வேன் என்று காத்திருக்காதே. உன் வாயால் சொல்.


ஏப்ரல் 13

அண்ணா,

இது மன்னிப்புக் கடிதம் இல்லை, பிரித்துப் படி. சொன்னேன். நம்பவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். டியூப், வெயில், நரி முழிச்சிருச்சு, எல்லாம். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும் என் தலையைத் தடவினாள்.

“எனக்காகப் பொய் சொல்லாத.”

பொய் இல்லைம்மா என்றேன். போன வருஷம் எனக்குக் காது கேட்கவில்லை என்று மூன்று நாள் நடித்தேனே, நினைவிருக்கிறதா? அம்மா லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போய், அவர் டார்ச் அடித்துப் பார்க்கும்போது நான் சிரித்துவிட்டேனே. அதை எடுத்தாள். காதுக்கு மூன்று நாள் நடித்தவள் அம்மாவுக்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் நடிப்பாள் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு வலது கையை நீட்டி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். “முந்தின நாள் சாயங்காலம் துணி எடுக்கப் போனேன். மூடி சும்மா கெடந்துச்சு. ஒரு திருகு திருகினேன். எனக்கு மறந்தாலும் இந்தக் கைக்கு மறக்காதுடி.” முதல் நாள் ‘மூடியிருப்பேன்’ என்றவள் அண்ணா. இப்போது நேரம், துணி, சாயங்காலம் எல்லாம் வந்துவிட்டது. தினம் ஒருவரிடம் சொல்லிச் சொல்லி அவளே பார்த்தது போல ஆகிவிட்டது. நான் செய்ததை நான் சொன்னால் கதை. அவள் செய்யாததை அவள் சொன்னால் சாட்சி.

கடைசியில் தலையணைக்கு அடியிலிருந்து உன் நாலு வரியை எடுத்தாள். மடித்து மடித்து ஓரம் பஞ்சாகியிருக்கிறது. “அவனே எழுதியிருக்கான். அவன் பொய் சொல்லுவானா?”

பெரியம்மாவிடமும் சொன்னேன். வாசல் வழியாகப் போனால் கதவைத் திறக்க மாட்டார் என்று அலமாரியின் முதுகைத் தட்டித் தட்டிச் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி: “இப்படிச் சொல்லச் சொல்லி உங்கம்மா அனுப்பினாளா?”

எட்டு வாரம் ஆகப்போகிறது. அம்மாவின் வளையல் முழங்கை வரை போய் வருகிறது. நேற்று எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் பத்து நாள் இப்படியே போனால் படுக்க வைத்துக் குழாயில்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்.

அன்று உன் உடம்பிலிருந்து எடுத்த சட்டை, மற்றதெல்லாம் எங்கே? மூடியைப் பின்னறையில் தேடினேன், இருக்கிறது, உள்ளே ரப்பர் இல்லை. உன்னோடு வந்திருந்தால் உண்டு, இல்லையென்றால் கூட்டித் தள்ளியிருப்பார்கள். எனக்காகத் தேட வேண்டாம்.

குண்டூசி


ஏப்ரல் 18

உனக்காகத் தேடவில்லை.

அன்று என் துணியை வெட்டி எடுத்து ஒரு பையில் போட்டு, பையைக் கட்டிலின் கீழே வைத்திருந்தார்கள். நான் தொடவே இல்லை. நேற்று வார்டு ஆயாவை எடுத்துத் தரச் சொன்னேன். சட்டைக் காலருக்குள், காய்ந்துபோன நுரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு ரப்பர், உள்ளங்கை அளவு வட்டம், ஒரு பக்கம் கத்தரி வழுக்கியிருக்கிறது. ஆயா ஏதோ மருத்துவமனைச் சாமான் என்று குப்பையில் போடப் போனார். இந்த உறைக்குள் இருக்கிறது.

சித்திக்கு எழுதியதும் உள்ளே இருக்கிறது. நீ படிக்கலாம். முன்பு எழுதிய நாலு வரி தப்பு, நான் பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுதினேன், அதைக் கிழித்துப் போடச் சொல்லியிருக்கிறேன். அப்பா அம்மாவிடம் நான் பேசிவிட்டேன். அலமாரியை நகர்த்துவார்களா தெரியாது. வீடு மாறும் பேச்சு இப்போதைக்கு இல்லை.

உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பது இதனால் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வந்தால் உன்னிடம் எப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. பேசாமலும் இருக்கலாம்.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணா,

காலையில் தபால் வந்தது. உறையை அப்படியே அம்மாவின் மடியில் வைத்தேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உனக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைக்கிறாள் போலிருந்தது. பிறகு ரப்பரை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டினாள். வேலையில் எதையாவது பார்த்தால் அவள் கை அப்படித்தான் போகும். ஜாடி வாயின் வட்டம் ரப்பரில் பள்ளமாக விழுந்திருந்தது, நகம் இறங்குகிற ஆழத்துக்கு. பள்ளத்துக்கு வெளியே மூடியின் வரிகள் பதிந்திருந்தன.

“இவ்வளவு ஆழமா எறங்கணும்னா ரெண்டு கையாலயும் திருகியிருக்கணும்,” என்றாள். என்னிடம் சொல்லவில்லை, ரப்பரிடம் சொன்னாள். “எனக்கு ஒரு கை டப்பாவப் புடிச்சிருக்கும். நான் பதினாறு வருஷமா ஒத்தக் கையாலதான் மூடுறேன்.”

நான் ஜாடியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு திருகினேன். அதை உனக்கும் எழுதவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை. கேட்டாள், எப்படித் திருகினாய் என்று. உட்கார்ந்து காட்டினேன். முழங்காலை இடுக்கி, இரண்டு கையையும் வைத்து, தோளைக் குறுக்கி. அம்மா என் தோளையே பார்த்தாள். அப்போதுதான் நம்பினாள். கண் முன்னால் தெரிந்தது.

அழுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றும் நினைத்தேன், கன்னத்தைத் தயாராகத்தான் வைத்திருந்தேன்.

“நான் சாப்பிடாம கெடந்தத நீ தெனம் பாத்துக்கிட்டுதான இருந்த?”

“பாத்துக்கிட்டுதான்மா இருந்தேன்.”

அம்மா எழுந்து, முகம் கழுவி, சமையலறையில் நின்றபடியே இரண்டு ரொட்டியைத் தின்றாள். மூன்றாவதை எடுத்துப் பாதியில் வைத்தாள், வயிறு ஏற்கவில்லை. எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. தினமும் கேட்பாள், சாப்பிடாத நாளெல்லாம்கூட எனக்குத் தட்டு வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். பிறகு நல்ல புடவை ஒன்றை உடுத்திக்கொண்டு, பையில் உனக்கு இரண்டு துண்டும் ஒரு சட்டையும் வைத்தாள். நானும் வரட்டுமா என்றேன். பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

பன்றியை முந்தாநாளே கல்லூரியில் கொடுத்துவிட்டேன். ஆய்வகத்தில் இருந்தவர் தாடையைத் திருப்பிப் பார்த்து, பல் எல்லாம் சரியான குழியில் இருக்கிறதே, யார் வேலை என்று கேட்டார். அண்ணன் வேலை என்றேன்.

அம்மா நாலரை மணி பஸ்ஸில் கிளம்பியிருக்கிறாள். நீ இதைப் பிரிப்பதற்குள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போயிருப்பாள். அதனால் இதில் உனக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது, அவள் கேட்ட அந்தக் கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் தவிர. அதை அம்மா உன்னிடம் சொல்ல மாட்டாள். யாரிடமும் சொல்ல மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.